பேசிவைத்து ஆடுகிறவர்கள்

ஹாட்ரிக் என்ற இணையக் கால்பந்து விளையாட்டு 1997இல் சுவீடனில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதில் யாரும் பந்தை உதைப்பதில்லை. ஆளுக்கொரு கிளப் கிடைக்கும். வீரர்களை ஏலத்தில் எடுத்து, பயிற்சி கொடுத்து, வயது ஏறியவர்களை விற்று, மைதானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கி, வார இறுதி ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆட்டத்தைக் கணினி நடத்தி முடிக்கும். ஒரு பிரிவுக்கு எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் இருமுறை மோதும். மொத்தம் 14 சுற்றுகள், வாரத்துக்கு ஒன்று. ஒரு பட்டத்துக்கு மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. நிஜப் பரிசுப் பணம் கிடையாது. ஆனாலும் ஒரே கிளப்பைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடத்துகிறவர்கள் அதில் இருக்கிறார்கள்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு போட்டி ஆட்டத்துக்கும் முன்பு நிர்வாகி ஒரு முடிவு எடுக்க வேண்டும்: அணி எவ்வளவு முனைப்போடு ஆட வேண்டும்? மூன்று வாய்ப்புகள் உண்டு. வழக்கம்போல ஆடலாம். ‘மேட்ச் ஆஃப் த சீசன்’ என்று உயிரைக் கொடுத்து ஆடச் சொல்லலாம்; அன்றைக்கு நடுக்களம் பலப்படும், ஆனால் அணியின் மனநிலை பிறகு சரிந்துவிடும். ‘பிளே இட் கூல்’ என்று அடக்கி வாசிக்கவும் சொல்லலாம். அன்றைக்கு அணி பலவீனமாக ஆடும், மனநிலை மட்டும் ஏறும். அந்த மனநிலை அடுத்தடுத்த வாரங்களில் பலமாகத் திரும்பி வரும். எந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தோம் என்பது எதிரணிக்குக் காட்டப்படாது. நல்ல நிர்வாகியின் திறமையில் பாதி, எந்த ஆட்டத்தில் செலவு செய்வது, எந்த ஆட்டத்தில் சேமிப்பது என்று கணிப்பதில்தான் இருக்கிறது. சேமிக்கிற நாளில் தோற்கும் அபாயம் உண்டு. அந்த அபாயம்தான் சேமிப்புக்கான விலை.

இப்போது முதலிடத்தில் இருப்பவரும் இரண்டாமிடத்தில் இருப்பவரும் தனிச்செய்தியில் பேசிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “நம் இருவர் ஆட்டத்தில் நானும் அடக்கி வாசிக்கிறேன், நீங்களும் அடக்கி வாசியுங்கள்.” அவ்வளவுதான். யார் ஜெயிப்பது என்று அவர்கள் பேசவில்லை. இருவர் பலமும் ஒரே அளவு குறைவதால் அந்த ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ அதுவே இருக்கும். உண்மையிலேயே சிறந்த அணிதான் வெல்லும். ஆனால் இருவரும் எந்த அபாயமும் இல்லாமல் மனநிலையைச் சேமித்துவிட்டார்கள். அடுத்த வாரம் மூன்றாமிடத்து அணியைச் சந்திக்கும்போது அந்தச் சேமிப்பு அவர்கள் கையில் இருக்கும். மூன்றாமிடத்து அணியோ ஒவ்வொரு வாரமும் தன் சொந்தக் காசைச் செலவழித்தே ஆட வேண்டும்.

“முடிவை நாங்கள் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லையே, இதில் என்ன தப்பு?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றும் நோக்கத்தோடு கேட்பதில்லை. உண்மையாகவே அவர்களுக்குத் தப்பு தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். ஆட்டத்தின் முடிவை விற்றால் மட்டுமே மோசடி என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றிவிட்டது. போட்டியாளர்கள் இருவர் ரகசியமாக ஒத்துழைக்கும்போது அவர்களுக்குள் நடக்கும் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் எதுவும் புலப்படாது. அந்த உரையாடலில் இல்லாத மூன்றாமவரின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இதே ஒப்பந்தம் இணையம் பிறப்பதற்கு முன்பே, சதுரங்கத்தின் உச்சத்தில் நடந்திருக்கிறது. 1962இல் கரீபியன் தீவான கியூராசோவில் உலக சாம்பியனுக்குச் சவால் விடப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. அங்கும் எட்டுப் பேர்தான். ஒருவரோடு ஒருவர் நான்கு முறை மோத வேண்டும். ஆளுக்கு 28 ஆட்டம். வெப்பமண்டலத் தீவில் ஏறத்தாழ இரண்டு மாதம் நீண்ட போட்டி. சோவியத் வீரர்களான டிக்ரான் பெட்ரோசியான், பால் கெரஸ், எஃபிம் கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. பல ஆட்டங்கள் 20 நகர்த்தல்களைக்கூட எட்டாமல் கைகுலுக்கலில் முடிந்தன. எட்டுப் பேரில் ஒருவரான மிகயில் டால் நோய்வாய்ப்பட்டு நடுவிலேயே விலகியதால் மற்றவர்களுக்கு ஆட்டம் 27 ஆனது. அதில் இந்த மூவருக்கும் தலா எட்டு ஆட்டம் ஏறக்குறைய ஓய்வு நாள். மற்றவர்களுக்கு அப்படி ஒரு ஓய்வு கிடையாது.

பெட்ரோசியான் 17½ புள்ளியோடு முதலிடம். கெரஸும் கெல்லரும் 17. நான்காமிடத்தில் 14 புள்ளியோடு 19 வயது பாபி ஃபிஷர். ரஷ்யர்கள் கூட்டுச் சேர்ந்து உலகச் சதுரங்கத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள் என்று அவர் அதே ஆண்டில் அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். தோற்றவனின் புலம்பல் என்று பலர் அதைத் தள்ளினார்கள். மூன்றுக்கும் மேற்பட்ட புள்ளி வித்தியாசத்தைப் பார்த்தால் கூட்டு இல்லாமலேயே ஃபிஷர் அந்த முறை வென்றிருக்க மாட்டார் என்றும் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டு நடந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் குழுவோடு சென்றிருந்த கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக், மூவருக்கும் இடையே அப்படியோர் உடன்பாடு இருந்ததைப் பல பதிற்றாண்டுகள் கழித்து உறுதிப்படுத்தினார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அடுத்த சுற்றான 1965இலேயே எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறையைக் கைவிட்டு, இருவர் மோதி ஒருவர் வெளியேறும் முறைக்கு மாறியது. இருவர் மட்டும் இருக்கிற இடத்தில் மூன்றாமவரின் செலவில் ஓய்வெடுக்க முடியாது.

கியூராசோவில் யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. மூவரும் சிறந்த வீரர்கள்; பெட்ரோசியான் மறு ஆண்டு அப்போதைய சாம்பியன் பொட்வின்னிக்கை வென்று உலக சாம்பியன் ஆனார். அவர் தகுதியற்றவர் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியும் மற்ற ஐவர் ஒரு போட்டியிலும் இந்த மூவர் வேறொரு போட்டியிலும் ஆடினார்கள் என்பதே உண்மை. ஹாட்ரிக்கில் ‘இருவரும் அடக்கி வாசிப்போம்’ என்பது இதே ஒப்பந்தம். அங்கே உடல் ஓய்வு, இங்கே கணினியில் ஓர் எண்.

ஒரே ஒரு முறை நடப்பதோடு இது நிற்காது. எந்தத் திசையில் வளரும் என்பதற்கு ஜப்பானின் சுமோ மல்யுத்தம் நல்ல சான்று. சுமோவின் மேல்நிலைப் பிரிவுகளில் ஒரு போட்டித் தொடருக்கு ஆளுக்கு 15 மல்லுகள். எட்டு வென்றால் தரவரிசையில் ஏற்றம். ஏழோடு நின்றால் இறக்கம். தரவரிசையோடு சம்பளமும் மரியாதையும் ஒட்டியிருப்பதால் எட்டாவது வெற்றிக்கு இருக்கும் மதிப்பு ஒன்பதாவதற்குக் கிடையாது. பொருளியலாளர்கள் மார்க் டக்கன், ஸ்டீவன் லெவிட் இருவரும் 1989 முதல் 2000 வரையிலான 32,000க்கும் மேற்பட்ட மல்லுகளை ஆராய்ந்து 2002இல் கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நாளில் 7–7 என்று நிற்பவர், ஏற்கெனவே 8–6 எடுத்துக் கரையேறிவிட்டவரைச் சந்தித்தால் என்ன நடக்கும்? அவர்களின் பழைய மோதல்களைக் கொண்டு கணித்தால் 7–7காரர் வெல்லும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. நிஜத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு வென்றிருந்தார்கள்.

வாழ்வா சாவா என்று நிற்பவர் கூடுதல் வெறியோடு மோதியிருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது அடுத்த எண். அதே இருவர் பின்னர் மறுபடி சந்தித்தபோது, முன்பு வென்றவர் வென்றது 40 விழுக்காடு மட்டுமே. கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்கும் அடுத்த சந்திப்பில் எண்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள்: ஊழல் குற்றச்சாட்டுகள் பத்திரிகைகளில் வெளிவந்த உடனே நடந்த தொடர்களில் இந்த விசித்திரம் காணாமல் போனது. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தவுடன் எல்லோரும் ஒழுங்காக ஆடினார்கள். சுமோ சங்கம் ஆண்டுக்கணக்கில் மறுத்துக்கொண்டே இருந்தது. 2011இல் வேறொரு சூதாட்ட வழக்குக்காகக் காவல்துறை கைப்பற்றிய அலைபேசிகளில், எப்படி மோதுவது எப்படி விழுவது என்று மல்லர்கள் பரிமாறிய குறுஞ்செய்திகள் கிடைத்தன. அந்த மார்ச் மாதத் தொடர் ரத்தானது. 1946க்குப் பிறகு ஒரு தொடர் ரத்தானது அதுவே முதன்முறை.

இணைய மேலாண்மை விளையாட்டுகளில் இந்தக் கடன் கணக்கு இன்னும் எளிது. ஒரே ஆட்கள் சீசன் சீசனாக ஒரே பிரிவில் சந்திக்கிறார்கள். ‘இந்த முறை நீ மேலே போ, அடுத்த முறை எனக்கு’ என்பதற்குச் சாட்சியே தேவையில்லை. உதவி வாங்கியவருக்கு அது நட்பாகத் தோன்றும். மறுமுறை கேட்கப்படும்போது மறுக்கவும் முடியாது. முனைப்பைக் குறைப்பதில் தொடங்கி, முக்கிய வீரரை வெளியே உட்காரவைப்பதற்கும், கடைசியில் அணியையே களமிறக்காமல் விடுவதற்கும் இடையில் எந்த இடத்தில் நிற்பது என்று முன்கூட்டி யோசித்து வைத்தவர் குறைவு.

இப்படிப்பட்ட உடன்பாடு எங்கே முளைக்கும் என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். ஒரே ஆட்டம் ஒருவருக்கு எல்லாமுமாகவும் எதிரிக்கு ஒன்றுமில்லாததாகவும் இருக்கும்போது முளைக்கும். அல்லது ஒரு குறிப்பிட்ட முடிவு இருவருக்கும் ஒருசேரப் போதும் என்னும்போது. 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி 1–0 என வென்றால் அதுவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. அப்படி நடந்தால் வெளியேற வேண்டிய, அதே குழுவின் அல்ஜீரியா முந்தைய நாளே தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டது. ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. மீதி நேரம் பந்து இங்கும் அங்கும் உருண்டது. அல்ஜீரியா முறையிட்டது, விதி எதுவும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா தள்ளுபடி செய்தது. பிறகு, ஒரு குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. அல்ஜீரியாவுக்குத் திரும்பக் கிடைத்தது எதுவுமில்லை.

நண்பர்கள் குழுவாக நடத்தும் ஃபேன்டசி லீக்குகளில் இது வீரர் பரிமாற்றத்தில் வருகிறது. நியூயார்க்கில் 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் ஓர் உணவகத்தின் பெயரில் தொடங்கிய ரொட்டிசெரி பேஸ்பால் லீக்தான் இன்றைய ஃபேன்டசி விளையாட்டுகளின் நேரடி மூதாதை. ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை வரம்புக்குள் ஏலத்தில் நிஜ வீரர்களை எடுத்து, சீசன் முழுக்க அவர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு போட்டி போட வேண்டும். வீரர்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். சீசனின் பின்பாதியில் பட்ட வாய்ப்பை இழந்த ஒருவர், தன் நட்சத்திர வீரரை ஒன்றுமில்லாத விலைக்கு நண்பரிடம் தள்ளிவிட்டால் என்ன செய்வது? பரிமாற்றத்துக்குக் கடைசித் தேதி, நடுவர் ஒருவரின் அதிகாரம், மற்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தடுக்கும் உரிமை ஆகியவை இப்படிப்பட்ட சிக்கலைத் தீர்க்கத்தான் லீக்குகளில் இருக்கின்றன. ஹாட்ரிக்கிலும் நண்பரின் சாதாரண வீரரைக் கொள்ளை விலைக்கு ஏலத்தில் எடுத்து அவர் கருவூலத்தை நிரப்புவது ஏமாற்றாகவே கருதப்படுகிறது. கேம்மாஸ்டர் என்ற தொண்டர்கள் அதை விசாரித்து அபராதம் விதிக்கிறார்கள், தேவைப்பட்டால் அணியையே நீக்குகிறார்கள்.

நம் கல்லூரி விழாக்களில் நடக்கும் ஐபிஎல் மாதிரி ஏலங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். ஆளுக்கு 120 கோடி கற்பனைப் பணம். ‘பந்துவீச்சாளர்களுக்கு நான் கை தூக்க மாட்டேன், விக்கெட் கீப்பருக்கு நீ தூக்காதே’ என்று இரண்டு மேசைகள் பேசி வைத்துக்கொண்டால் இருவருக்கும் சில கோடி மிச்சம். மற்ற மேசைகள் முழு விலை கொடுக்கும். நிஜ வணிகத்தில் ஏலதாரர்கள் இப்படிச் செய்தால் இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் மூன்றாம் பிரிவின் கீழ் அது தடைசெய்யப்பட்ட கூட்டுச்சதி. மாணவர்கள் அதை விளையாட்டு உத்தி என்று கற்றுக்கொண்டு வெளியே வருவது எனக்குக் கவலை தருகிறது.

அடுத்த படி தியாகம். ஒருவர் தோற்றுக்கொண்டே இருப்பதற்காக மட்டும் களத்தில் இருப்பது. ஆய்வாளர் ராபர்ட் ஆக்சல்ராட் 1980களில் புகழ்பெறச் செய்த ‘கைதியின் சிக்கல்’ கணினிப் போட்டியை அதன் இருபதாம் ஆண்டையொட்டி 2004இல் மறுபடி நடத்தினார்கள். நிரல்கள் ஒன்றோடொன்று பலமுறை மோதும்; ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்யும். வந்த 223 நிரல்களில் 60 சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்றே அனுப்பியவை. அவை முதல் ஐந்து முதல் பத்து நகர்வுகளை ஒரு ரகசியச் சைகைபோல ஆடி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. கண்டுகொண்டதும் ஒன்று எஜமானாகவும் மற்றது அடிமையாகவும் மாறி, அடிமை தன் புள்ளிகளையெல்லாம் எஜமானுக்கு வாரிக் கொடுத்தது. வெளி நிரல் எதிரே வந்தால் அதைக் கெடுப்பதே வேலை. முதல் மூன்று இடங்களும் சவுத்தாம்ப்டனுக்கு. அதன் மற்ற நிரல்கள் பல பட்டியலின் அடியில் கிடந்தன. விதி அதைத் தடுக்கவில்லை. ஆராய்ச்சி என்ற அளவில் அது அழகான கண்டுபிடிப்பு. ஆனால் தனித்து வந்த ஒரு நிரல் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அந்தப் போட்டியை வென்றிருக்க முடியாது. ஒரே ஆள் பல பெயரில் கணக்கு வைத்திருப்பதை மேலாண்மை விளையாட்டுகள் ஏன் இவ்வளவு கடுமையாகப் பார்க்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

பணம் உள்ளே வரும்போது இதே செயலின் பெயர் மாறிவிடுகிறது. 2020 ஜனவரியில் அமெரிக்க நிறுவனமான டிராஃப்ட்கிங்ஸ் நடத்திய அமெரிக்கக் கால்பந்து ஃபேன்டசி போட்டியில் முதல் பரிசு பத்து லட்சம் டாலர். நுழைவுக் கட்டணம் 20 டாலர். ஒருவர் அதிகபட்சம் 150 அணிகளைப் பதிவு செய்யலாம். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் பிரபலமான பெண் ஒருவர் வென்றார். அவர் 150 அணிகள் போட்டிருந்தார்; அவர் கணவரும் 150 போட்டிருந்தார். இருவர் அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்த மற்ற ஆட்டக்காரர்கள், இது ஒரே மூளையின் 300 அணிகள் என்று குரல் எழுப்பினார்கள். தம்பதி அதை மறுத்தார்கள். நிறுவனம் விசாரித்து, தரவரிசையைத் திருத்தி, முதல் பரிசை இரண்டாமிடத்தில் இருந்தவருக்குக் கொடுத்தது. 150 என்ற வரம்பு எதற்காக இருக்கிறது? மூவாயிரம் டாலருக்கு மேல் யாரும் வாய்ப்புகளை வாங்கிக் குவிக்கக் கூடாது என்பதற்காக. இருவர் பேசி வைத்து அணிகளைப் பங்கிட்டுக்கொண்டால் அந்த வரம்பு காகிதத்தில்தான் இருக்கும்.

ரகசிய ஒத்துழைப்பே தவறு என்று சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆலன் கால்ஹாமர் 1959இல் வெளியிட்ட ‘டிப்ளமசி’ என்ற பலகை விளையாட்டில் ஏழு பேர் முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பிய வல்லரசுகளாக ஆடுகிறார்கள். தனியறையில் பேசிக் கூட்டுச் சேர்வதும் முதுகில் குத்துவதும்தான் அங்கே ஆட்டமே. சைக்கிள் பந்தயத்தில் முன்னே பிரிந்து செல்லும் எதிரணி வீரர்கள் மாறி மாறிக் காற்றைத் தாங்கி ஒருவருக்கொருவர் உதவுவதை ஊரே பார்க்கிறது. டிப்ளமசி ஆட உட்காரும் ஏழு பேருக்கும் எதிரிகள் கூட்டுச் சேர்வார்கள் என்று முதலிலேயே தெரியும்; சைக்கிளில் கண்ணுக்கு நேரே நடக்கிறது. கால்பந்து மேலாண்மை விளையாட்டில் சேர்கிறவருக்கு அப்படி எதுவும் சொல்லப்படுவதில்லை. தன் எதிரிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே தன்னை வெல்ல முயல்கிறார்கள் என்று நம்பித்தான் அவர் மூன்று மாதத்தைச் செலவழிக்கிறார். உடன்பாட்டை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதத் தயங்குகிறவர், எழுதினால் மற்ற ஆறு பேர் என்ன சொல்வார்கள் என்பதை அறிந்தே தயங்குகிறார்.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு மோசமான தோல்வியையோ ஒரு விநோதமான பரிமாற்றத்தையோ காட்டி யாரையும் கள்ளக்கூட்டாளி என்று குற்றம் சாட்டக் கூடாது. இணைப்பு அறுந்திருக்கலாம், கட்டளை எழுத மறந்திருக்கலாம், வெறும் தவறான கணிப்பாகவும் இருக்கலாம். கியூராசோவில் ஒரு டிரா எதையும் காட்டவில்லை. பன்னிரண்டும் சேர்ந்துதான் காட்டின. சுமோவில் எந்த ஒரு மல்லும் பொய் என்று டக்கனும் லெவிட்டும் நிரூபிக்கவில்லை, ஆயிரக்கணக்கான மல்லுகளின் ஒட்டுமொத்த உருவத்தைத்தான் காட்டினார்கள். ஆதாரமில்லாத சந்தேகம் ஒரு பிரிவுக்குள் புகுந்துவிட்டால் ஒழுங்காக ஆடுகிறவர்கள்தான் முதலில் விலகுகிறார்கள். பேசி வைத்து ஆடியவர்கள் கடைசிவரை இருப்பார்கள்.

இந்தியாவில் இப்போது இந்த ஆபத்து இடம் மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நடத்துவதைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ட்ரீம்11 உள்ளிட்ட நிறுவனங்கள் பணப் போட்டிகளை உடனே நிறுத்திக்கொண்டன. அந்த நிறுவனங்களிடம், என்ன குறை இருந்தாலும், ஒரே சாதனத்திலிருந்து வரும் பல கணக்குகளைக் கண்டுபிடிக்கத் தரவும் ஆட்களும் இருந்தார்கள். அலுவலகத்திலோ நண்பர் வட்டத்திலோ வாட்ஸ்அப் குழு வைத்து, யுபிஐயில் பணம் வசூலித்து நடத்தப்படும் லீக்கில் அது எதுவும் இருக்காது. குழுவின் அட்மினே வசூலிப்பவர், அவரே நடுவர், அவரும் ஓர் ஆட்டக்காரர். அங்கே இருவர் கூட்டுச் சேர்ந்தால் முறையிட இடமில்லை. சட்டப்படியே நிற்காத ஒரு போட்டியில் பணத்தை இழந்தவர் காவல் நிலையத்துக்கும் போக மாட்டார். இலவசமாக ஆடுங்கள், பணம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்வதே நல்லது.

வரப்போகும் ஆபத்து ஒன்றும் இருக்கிறது. எமிலியோ கால்வானோவும் மூன்று சக பொருளியலாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விலை நிர்ணயிக்கும் கற்றல் நிரல்களைச் செயற்கைச் சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட விட்டார்கள். அந்த நிரல்களுக்குள் செய்திப் பரிமாற்றமே கிடையாது. கூட்டுச் சேரும்படி யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. இருந்தும் அவை போட்டி விலைக்கு மேலே விலையை நிறுத்திக்கொள்ளவும், விலகுகிற நிரலைச் சிறிது காலம் தண்டித்துப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவும் தாமாகவே கற்றுக்கொண்டன. மேலாண்மை விளையாட்டுகளில் அணியை நடத்தும் வேலையை மென்பொருள் உதவியாளரிடம் கொடுப்பவர்கள் பெருகினால், இருவர் ஒரு சொல்கூடப் பேசாமலேயே அவர்களின் உதவியாளர்கள் அடக்கி வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். ‘பேசி வைத்து ஆடக் கூடாது’ என்று மட்டும் எழுதிய விதி அன்றைக்கு உதவாது.

அதனால் லீக் நடத்துகிறவர்கள் சீசன் தொடங்கும் முன்பே சிலவற்றை எழுதி எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். இருவர் தங்களுக்குள் முனைப்பைக் குறைத்துக்கொள்வதும் முடிவைத் தீர்மானிப்பதும் ஒரே தரத்துக் குற்றம் என்று அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். கடைசி இரண்டு சுற்றுகளின் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பரிமாற்றங்கள் பாதி சீசனோடு முடிய வேண்டும். விசாரிக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் ஆடாத ஒருவரிடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீசன் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கொடுத்த கட்டளைகளை மறைக்காமல் வெளியிட்டுவிட வேண்டும். ஆடும்போது அவை ரகசியமாக இருப்பது ஆட்டத்துக்குத் தேவை. முடிந்த பிறகும் பூட்டி வைக்க ஒரு காரணமும் இல்லை. யார் யாரோடு மோதும்போது மட்டும் அடக்கி வாசித்தார் என்பதை அந்தப் பட்டியலில் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.